வண்டி வேலை சொதப்பிவிட்டது, சட்டப்படி என்ன செய்யலாம்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மனு எழுதிக் கொடுக்கிற ஆள் நான். வக்கீல் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு, தாலுகா ஆபீசுக்கு, பேங்குக்கு என்று ஊர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பழகியவன். என்னிடம் வருகிறவர்களில் கணிசமான பேர் வண்டியைப் பற்றித்தான் புலம்புகிறார்கள். வேலைக்குக் கொடுத்த வண்டி கெட்டுப்போய்த் திரும்பியிருக்கும், காசு போயிருக்கும், கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சர்வீஸ் முடித்து எடுத்து வந்த இரண்டாம் நாளே வண்டி நின்றுவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வேறு மெக்கானிக்கை வைத்துக் கழற்றாதீர்கள். கேஸ் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நம் பக்கம் வண்டி நின்றால் போகிற வருகிற நாலு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் பிளக்கைக் கழற்றச் சொல்வார், இன்னொருவர் கார்புரேட்டரைத் தட்டச் சொல்வார், மூன்றாமவர் ஸ்பேனரோடே வந்திருப்பார். நல்ல மனசுதான். ஆனால் நாளைக்கு எதிர்த்தரப்பு கேட்கும்: “எங்கள் கையை விட்டுப் போன பிறகு யார் யாரோ கை வைத்திருக்கிறார்கள், கோளாறு அவர்கள் செய்தது இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

அதனால் வண்டி நின்ற இடத்திலேயே போனை எடுங்கள். ஓடிய கிலோமீட்டர் தெரிகிற மாதிரி மீட்டரை ஒரு படம். எரிகிற எச்சரிக்கை விளக்கு, ஒழுகிய இடம், உடைந்த பாகம் எல்லாவற்றையும் படமெடுங்கள். சத்தம் வருகிறது என்றால் வீடியோ. அப்புறம் அன்றைக்கே பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: இந்தத் தேதியில் இந்த வேலைக்குக் கொடுத்தேன், இவ்வளவு கொடுத்தேன், இத்தனை கிலோமீட்டரில் இப்படி ஆகிவிட்டது, வந்து பாருங்கள். போனில் பேசினாலும் செய்தியும் அனுப்புங்கள். பேசியது காற்றோடு போய்விடும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பைக்குக்கு ஆயில் மாற்றி எடுத்த மறுநாள் தேவகோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் இன்ஜின் சத்தம் கரகரத்தது. கொஞ்ச தூரத்தில் பின் சக்கரம் இழுத்துப் பிடித்து நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் இன்ஜினுக்கு அடியில் டிரெயின் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. பின் டயர் முழுக்க ஆயில், அதன்மேல் செம்மண் புழுதி அப்பிக் களிமண் பூசினது மாதிரி இருந்தது. போல்ட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அது வழியில் கழன்று விழுந்து, ஆயில் முழுக்க வடிந்து, இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது, அதாவது உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், வண்டியைத் தள்ளுவதற்கு முன்னால் அந்த ஓட்டையையும் டயரையும் மீட்டரையும் படமெடுத்ததுதான். அந்த மூன்று படம் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டத்தில் இதற்கு என்ன பெயர்? எந்தச் சட்டம்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வண்டி வேலை ‘சேவை’. அது இருக்க வேண்டிய தரத்தில் இல்லாவிட்டால் ‘சேவைக் குறைபாடு’. மனுவில் இந்த வார்த்தையைத்தான் எழுத வேண்டும். ‘ஏமாற்றிவிட்டார்’, ‘மோசடி’ என்றெல்லாம் எடுத்த எடுப்பில் எழுத வேண்டாம். மோசடி என்று எழுதினால் அதை நிரூபிக்கிற சுமையும் உங்கள் தலையில் ஏறும். குறைபாட்டை நிரூபிக்கிற பொறுப்பே புகார் கொடுத்தவருடையது என்றுதான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவே போதுமான சுமை.

பில்லே தரவில்லை. கேட்டால் “ஜி.எஸ்.டி. எல்லாம் நமக்குக் கிடையாதுண்ணே” என்கிறார்.

ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லாத சின்னப் பட்டறைகள் உண்டு, அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வரிப்பதிவு வேறு, ரசீது வேறு. செய்த வேலைக்கு ரசீது தராமல் இருப்பதே 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஒரு வெள்ளைத் தாளில் தேதி, வண்டி எண், மாற்றிய சாமான், லேபர், மொத்தத் தொகை, கையெழுத்து இருந்தால்கூடப் போதும்.

அதுவும் இல்லையா? ஜிபே, போன்பேயில் அனுப்பிய பதிவு இருக்கும். “வண்டி ரெடி, ஆறாயிரத்து ஐநூறு ஆச்சு” என்று அவர் அனுப்பிய செய்தி இருக்கும். ஸ்பேர் கடையில் நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தக் கடைப் பில் இருக்கும். இவற்றைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். போனிலிருந்து எடுத்த ஆவணங்களை நீதிமன்றத்தில் வைக்கும்போது 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். ஆணையத்தில் அவ்வளவு கறார் காட்டுவதில்லை என்றாலும் இணைத்துவிடுவது நல்லது. அந்தப் போனை மட்டும் மாற்றிவிடாதீர்கள், ரீசெட்டும் போடாதீர்கள்.

முழுக்க ரொக்கம், ஒரு செய்திகூட இல்லை என்றால் கஷ்டம்தான். அப்போது இன்றைக்கே அவருக்கு விவரமாக ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். “ஆமாண்ணே, நாளைக்குக் கொண்டாங்க, பாத்துடலாம்” என்று பதில் வந்தால், வேலை பார்த்தது அவர்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

வேலை கெட்டுப்போனதை எப்படி நிரூபிப்பது? எனக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாதே.

ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இன்ஜினைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர் ஒருவரின் அறிக்கை வேண்டும்.

ஹெட் கேஸ்கட்டை (இன்ஜினின் ஹெட்டுக்கு அடியில் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து வைக்கிற தகடு) எடுத்துக்கொள்ளுங்கள். கார் சூடேறுகிறது என்று கொடுக்கிறீர்கள், கேஸ்கட் மாற்றியாகிவிட்டது என்று பணம் வாங்குகிறார்கள், பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவதற்குள் ஊசி மறுபடி சிவப்புக்கு ஏறுகிறது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் கறுப்பாகவோ தேன் நிறத்திலோ இல்லாமல் பால் ஊற்றின டீ மாதிரி கலங்கியிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யும்போது குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தாலும் அதே சந்தேகம்தான். (சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துபோகும்.) இதையெல்லாம் வீடியோ எடுக்கலாம். ஆனால் இவை அறிகுறிதான். கேஸ்கட்டே மாற்றவில்லையா, மாற்றிவிட்டு ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்யாமல் மாட்டினார்களா, போல்ட்டை முறைப்படி முறுக்கவில்லையா என்பதைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

திறப்பதற்கு முன்னால் பட்டறைக்காரருக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள்: இந்தத் தேதியில், இந்த இடத்தில், இன்னார் முன்னிலையில் திறக்கப் போகிறோம், நீங்களும் வரலாம். வந்தால் நல்லது, வராவிட்டால் இன்னும் நல்லது. திறந்தவர் தன் பெயர், தகுதி, பார்த்தது என்ன, காரணம் என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர், லைசன்ஸ் உள்ள சர்வேயர், பாலிடெக்னிக் அல்லது இன்ஜினியரிங் காலேஜ் மெக்கானிக்கல் துறை ஆசிரியர் என்று யாராவது ஒருவர் எழுதினால் எடை கூடும். “ரிப்போர்ட் எல்லாம் எழுதித் தர மாட்டேன், வாயால வேணா சொல்றேன்” என்பார்கள் பலர். ஒரே தொழிலில் இருப்பவர்கள், சங்கடம் இருக்கும். அப்படியானால் நிபுணரை வைத்துச் சோதிக்க உத்தரவிடும்படி ஆணையத்திடமே மனுப் போடலாம்.

கழற்றிய பழைய பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். கோணிப்பையில் கட்டி, தேதி எழுதி, வளவுக்குள் ஒரு மூலையில் வையுங்கள். வீட்டில் திட்டுவார்கள்தான், பரவாயில்லை.

டிங்கரிங், பெயிண்டிங் மோசம் என்றால்?

இது கொஞ்சம் சுலபம், கண்ணுக்கே தெரியும். தகட்டைத் தட்டி நிமிர்த்தாமல், பள்ளத்தை நிரப்புகிற பட்டியை அள்ளிப் பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு சின்னக் காந்தம் போதும். நல்ல தகட்டில் ‘டக்’ என்று ஒட்டும், பட்டி தடிமனாக இருக்கிற இடத்தில் வழுக்கி விழும். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் அதையும் படமெடுங்கள். வெளிச்சத்தில் நிறம் மாறித் தெரிவதைக் காலை வெயிலில் எடுத்தால் தெளிவாக விழும்.

ஆச்சி ஒருவர் கேட்டது: ஐயா காலத்துக் கார். பட்டறையில் விட்டு எடுத்தால் பழைய சாமான்களைக் காணோம்.

செட்டிநாட்டுக்கே உரிய வழக்கு இது. பெரிய வீடுகளில் ஷெட்டில் நிற்கிற பழைய வண்டிகளின் மதிப்பே அதன் அசல் சாமான்களில்தான் இருக்கிறது. கார்புரேட்டர், ஹாரன், டேஷ்போர்டு கடிகாரம், ஹெட்லைட் வளையம், கைப்பிடி என்று ஒவ்வொன்றுக்கும் வெளியே கிராக்கி. நம் ஊரில் பழம்பொருள் வியாபாரம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவும் தூணும் விலைபோகிற ஊரில் கார் சாமான் போகாதா?

சட்டம் இங்கே உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. வேலைக்காக ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு. உங்கள் அனுமதியில்லாமல் வண்டியைச் சொந்த வேலைக்கு ஓட்டினாலும் அதனால் வருகிற சேதத்துக்கு அவர்தான் பொறுப்பு, அது 154. அசல் பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறொன்றை மாட்டியிருந்தால் விஷயம் வெறும் சேவைக் குறைபாடு இல்லை. நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல் என்று குற்ற வழக்கே வரும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 316, 318 பிரிவுகள். பழைய ஆட்கள் 406, 420 என்று சொன்னால் குழம்ப வேண்டாம்.

ஆனால் அந்தக் கடிகாரம் வண்டியில் இருந்தது என்று யார் சொல்வது? அந்த ஆச்சியிடம் பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாண ஆல்பம் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அலங்காரம் செய்து நிறுத்திய அதே காரின் உட்புறம் ஒரு படத்தில் பளிச்சென்று விழுந்திருந்தது, கடிகாரத்தோடு. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. பழைய வண்டியைப் பட்டறைக்கு அனுப்புகிற அன்றைக்கு பானெட்டைத் திறந்து, உள்ளே, வெளியே, இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் தெரிய நாற்பது படமாவது எடுங்கள். என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிப் பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிற பட்டறையில் அந்த வண்டியை விடாதீர்கள்.

பணத்தை முழுசாகக் கொடுத்தால்தான் வண்டியை விடுவேன் என்கிறார். வேலையோ அரைகுறை. விடாமல் பிடித்து வைக்க உரிமை உண்டா?

ஓரளவுக்கு உண்டு. உழைப்பும் திறமையும் போட்டுச் செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பேசிய வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால்தான் அந்த உரிமை. நீங்கள் சொல்லாத வேலையைத் தானாகச் செய்துவிட்டு அதற்கும் சேர்த்துப் பிடித்து வைப்பது சரிவராது. பிடித்து வைக்கத்தான் உரிமை; வண்டியை விற்கவோ ஓட்டவோ இல்லை.

நடைமுறையில் நான் சொல்வது இதுதான்: தொகை தாங்கக்கூடியதாக இருந்தால் கொடுத்துவிட்டு வண்டியை எடுங்கள். பில்லின் மேலேயே “வேலையில் குறை உள்ளது, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். “திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துக் கேட்டால் அதற்கு மேலேயும் அதே வரியை எழுதுங்கள். தொகை பெரிது, கொடுக்க முடியாது என்றால் ஆணையத்தில் புகாரோடு சேர்த்து இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

நோட்டீஸ் அனுப்புவது கட்டாயமா? வக்கீல் வேண்டுமா?

இரண்டும் கட்டாயம் இல்லை. ஆனாலும் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். பாதி விவகாரம் அதிலேயே முடிந்துவிடுகிறது. ஒன்றரைப் பக்கம் போதும். எப்போது, எதற்குக் கொடுத்தேன், எவ்வளவு கொடுத்தேன், என்ன கெட்டது, என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும். பதினைந்து நாள் அவகாசம் கொடுப்பது வழக்கம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். கோபத்தில் எழுதியதை அன்றைக்கே அனுப்பாதீர்கள். என்னிடம் வருகிறவர்களின் முதல் வரைவில் பாதி வரிகளை நான் அடித்துவிடுவேன். மெக்கானிக்கின் அப்பா எப்படிப்பட்டவர் என்பது ஆணையத்துக்குத் தேவையில்லை.

ஆணையத்தில் நீங்களே வாதாடலாம். ஒரு சின்னப் புகாருக்கு வக்கீல் பீஸ் கொடுத்தால் கணக்கு இடிக்கும். எதிரில் பெரிய டீலர், இன்சூரன்ஸ் கம்பெனி என்றால் வக்கீல் இருப்பது நல்லது.

எங்கே போடுவது? எங்கள் ஊர் எந்த மாவட்டம் என்பதே எப்போதும் குழப்பம்.

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது என்பதால் வருகிற குழப்பம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், கண்டனூர் பக்கம் என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொன்னமராவதி, ராயவரம், அரிமளம், கடியாபட்டி பக்கம் என்றால் புதுக்கோட்டை. ராயவரத்துக்காரர் காரைக்குடியில் வேலைக்குக் கொடுத்திருந்தால் இரண்டில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். 2019 சட்டத்தில் வந்த பெரிய வசதி, புகார் கொடுப்பவர் குடியிருக்கிற இடத்திலோ வேலை பார்க்கிற இடத்திலோ போடலாம் என்பதுதான்.

சென்னையில் குடியிருந்துகொண்டு கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்றால் மட்டும் ஊருக்கு வருகிறவர்களுக்கு இது மிகவும் தோதானது. காரை வீட்டுக் காவலாள் பட்டறைக்குக் கொண்டுபோயிருப்பார், பணம் சென்னையிலிருந்து போயிருக்கும். சென்னையிலேயே புகார் போடலாம். காவலாளின் வாக்குமூலம் மட்டும் தேவைப்படும். ஆன்லைனில் போட இ-தாக்கில் தளம் இருந்தது, 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி வந்திருக்கிறது. விசாரணைக்கு வீடியோவில் வருகிறேன் என்று மனுப் போடவும் சட்டத்தில் இடம் உண்டு.

செலவு எவ்வளவு ஆகும்?

வேலைக்கு நீங்கள் கொடுத்த தொகைதான் கணக்கு, கேட்கிற நஷ்டஈடு இல்லை. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை பார்க்கும், வண்டி வேலையில் அதைத் தாண்டுவது எங்கே! ஜெராக்ஸ், தபால், பஸ் செலவு, அவ்வளவுதான்.

எத்தனை நாளைக்குள் போட வேண்டும், எவ்வளவு நாள் இழுக்கும்?

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டு மூன்றாம் வருஷம் வருகிறவர்கள் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். “அடுத்த வாரம் சரிபண்ணித் தர்றேன்” என்று பட்டறைக்காரர் இழுத்தடிப்பதை நம்பிக் காலத்தை விடுகிறவர்கள்தான் அதிகம்.

புகாரை ஏற்பதா இல்லையா என்று 21 நாளில் முடிவு. எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கூடினால் இன்னும் 15. அந்த 45 நாளுக்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அவர் தரப்பு தூங்கினால் நீங்கள் அதைச் சுட்டிக்காட்டலாம். சோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தாவாகக் கூடுதலாகத்தான் ஆகும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு தரப்பும் சம்மதித்தால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும். வண்டி விவகாரத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

என்னென்ன கேட்கலாம்?

கொடுத்த பணம், வேறு இடத்தில் சரிசெய்த செலவு, வண்டியைக் கட்டி இழுத்து வந்த செலவு, வண்டி இல்லாத நாட்களில் வாடகைக் காருக்கு ஆனது, மன உளைச்சல், வழக்குச் செலவு. பில் இருக்கிறதையெல்லாம் பைசா விடாமல் கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதாதீர்கள். எட்டாயிரம் ரூபாய் கிளட்ச் வேலைக்கு அப்படி எழுதினால் மற்ற கணக்கையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தோடு சாமான் ஏற்றிப் போக வேனைத் தயார்பண்ணக் கொடுத்தார் ஒருவர். வழியிலேயே படுத்துவிட்டது, அவசரத்துக்கு இரட்டை வாடகையில் வேறு வேன். அந்த வாடகையைக் கேட்க முடியுமா? எந்தத் தேதிக்கு, எதற்கு வண்டி வேண்டும் என்று பட்டறைக்கு முன்பே தெரிந்திருந்தால் முடியும். ஆகவே பட்டறையில் வேலை விவரம் குறிக்கிற ஜாப் கார்டிலேயே “யாத்திரைக்கு, இன்ன தேதி” என்று எழுதச் சொல்லுங்கள்.

லாரி, டாக்சி வைத்திருப்பவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

ஒரே ஒரு டாக்சியை வைத்து நீங்களே ஓட்டிப் பிழைக்கிறீர்கள் என்றால் போகலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வைத்திருப்பதைச் சட்டம் வணிக நோக்கமாகப் பார்ப்பதில்லை. மனுவின் முதல் பத்தியிலேயே அதை எழுத வேண்டும். புதுவயலில் ரைஸ் மில் வைத்து நாலு லாரி ஓட்டுகிற முதலாளி என்றால் ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், அது நிற்கவும் நிற்கும். அவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம்தான். மூன்று வருஷ அவகாசம், கோர்ட் ஸ்டாம்பு உண்டு, வக்கீலும் வேண்டும். வண்டியை நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையர் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் வழக்கே போடாமல் பேசி முடிக்கவும் வழி உண்டு; 15100-க்கு அடித்தால் விவரம் சொல்வார்கள்.

தெரிந்த பையன், காசே வாங்காமல் பார்த்துக் கொடுத்தான். கெடுத்துவிட்டான்.

காசு வாங்காத வேலை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. ஆனால் கம்பெனி தருகிற ‘ஃப்ரீ சர்வீஸ்’ அப்படியில்லை. அதன் விலை நீங்கள் வண்டி வாங்கும்போதே கொடுத்ததில் அடங்கிவிட்டது. அதில் தவறு நடந்தால் தாராளமாகக் கேட்கலாம்.

ஷோரூம் சர்வீஸ் சென்டரில்தான் தவறு. கம்பெனியையும் சேர்க்கணுமா?

மாட்டிய பாகமே பழுது என்றால் சேருங்கள். மாட்டிய விதம்தான் தவறு என்றால் டீலர் போதும், கம்பெனியை இழுத்தால் வழக்கு நீளும். புகாருக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லிப் பாருங்கள். பெரிய கம்பெனிகள் அதற்குப் பதில் சொல்கின்றன, தெருமுனைப் பட்டறைக்கு அது பலிக்காது. இன்சூரன்ஸ் கேஷ்லெஸ்ஸில் (பட்டறைக்குக் கம்பெனியே நேராகப் பணம் கட்டுவது) செய்த வேலை என்றால் சர்வேயர் அனுமதித்த பட்டியலைக் கேட்டு வாங்கி, மாற்றியதாகச் சொன்னவை எல்லாம் மாறியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். புது பம்பருக்குப் பணம் வாங்கிவிட்டுப் பழசையே ஒட்டவைத்து அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிரேக் வேலை பார்த்த மறுநாள் பிரேக் பிடிக்காமல் விபத்தாகிவிட்டது.

உடனே போலீஸில் எழுதிக் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பிரேக் வேலை நடந்த தேதியையும் இடத்தையும் புகாரிலேயே குறிப்பிடுங்கள். விபத்து வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்ப்பார், நம் பக்கம் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றால்தான் தெரியும். பிரேக்கைக் குறிப்பாகச் சோதித்து எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய அறிக்கைக்கு இணையான சாட்சி வேறு கிடையாது. அவர் பார்க்கும்வரை வண்டியை நகர்த்தினாலும் கழற்றக் கூடாது. இதில் வெளியாள் யாருக்காவது அடிபட்டிருந்தால் அவர் முதலில் உங்களிடமும் உங்கள் இன்சூரன்ஸிடமும்தான் கேட்பார். மெக்கானிக்கிடம் நீங்கள் கேட்பது தனிக் கணக்கு.

ஜெயித்த பிறகும் பணம் தராவிட்டால்?

உத்தரவை நிறைவேற்ற அதே ஆணையத்தில் மனு. பணிய மறுத்தால் ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் மேல்முறையீடு போக வேண்டுமென்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான். நம் பக்கத்து மேல்முறையீடுகளை மாநில ஆணையத்தின் மதுரைக் கிளை பார்க்கிறது.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக் கிழிக்கலாமா?

நடந்ததை நடந்தபடி எழுதலாம். ‘திருடன்’ என்று எழுதினால் நீங்கள் எதிர்த்தரப்பு ஆகிவிடுவீர்கள்.

மெக்கானிக் எங்கள் தெருக்காரர். தினமும் முகத்தில் முழிக்க வேண்டும். கேஸ் போடுவதா?

இதற்கு மட்டும் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. என் கணக்கு இது: ஜாப் கார்டு, கணினிப் பில், குளிரூட்டிய வரவேற்பறை எல்லாம் வைத்திருக்கிற இடம் என்றால் தயங்காமல் போடுங்கள். அவர்களுக்கு அது தொழில்செலவு. வேப்பமரத்தடியில் இரண்டு பையன்களை வைத்துப் பிழைக்கிற ஆள் என்றால் முதலில் படங்களோடு நேரில் போங்கள். மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் போங்கள், வாடிக்கையாளர் முன்னால் கேட்காதீர்கள். ஒத்துக்கொண்டால் எவ்வளவு, எப்போது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அப்புறம் நோட்டீஸ்.

என் பைக் விஷயத்தில் அப்படித்தான் செய்தேன். முதலில் “போல்ட் யாராச்சும் கழட்டியிருப்பாங்கண்ணே” என்றார். டயரில் ஆயில் பிசுக்கும் புழுதியும் அப்பியிருந்த படத்தையும், முந்தின நாள் ஜிபே பதிவையும், மீட்டர் படத்தையும் காட்டினேன். அவர் கடையிலிருந்து வண்டி அறுபது கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிஸ்டன், போர் வேலைக்கான சாமானை நான் வாங்கிக் கொடுப்பது, லேத் கூலியும் லேபரும் அவருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஆணையத்துக்குப் போயிருந்தால் சாமான் செலவும் கிடைத்திருக்கும் என்று இப்போதும் தோன்றும். இன்றைக்கும் ஆயில் மாற்ற அவரிடம்தான் போகிறேன். போல்ட்டை முறுக்கி முடித்ததும், “வாங்கண்ணே, பாத்துக்கங்க” என்று என்னைக் குனியவைத்துக் காட்டுகிறார். நானும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.